மோட்டார்ஹோமில் கரண்ட் போனால் முதலில் எங்கே பார்ப்பது?

கோடை விடுமுறை வந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலர் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்பிவிடுகிறார்கள். வண்டியை ஒப்படைப்பவர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார். அதில் பாதி நேரம் கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எப்படி என்பதிலேயே போய்விடும். மின்சாரத்துக்கு வரும்போது, "இதுதான் கேபிள், அதுதான் ஃபியூஸ் பெட்டி, போய் வாருங்கள்" என்று முடித்துவிடுவார். முதல் ராத்திரியே விளக்கு எரியும், மைக்ரோவேவ் ஓடாது. அல்லது டிவி ஓடும், தண்ணீர் பம்ப் ஓடாது. வீட்டில் கரண்ட் போனால் மொத்தமாகப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தப் பாதிப் பாதிச் சமாசாரம்தான் பெரிய குழப்பம்.

எது நின்றுபோனாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் எந்த மின்சாரத்தில் ஓடுகிறது? அதற்கு விடை தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். தெரியாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் வேலைதான் இரட்டிப்பாகும்.

கீழே உள்ளதெல்லாம் அமெரிக்க, கனடிய வண்டிகளுக்கானது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 230 வோல்ட். பிளக்கும் ஆம்ப் கணக்கும் வேறு. 12 வோல்ட் பகுதி மட்டும் பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான்.

ஒரே வண்டிக்குள் மூன்று மின்சாரம்

முதலாவது, எஞ்சினைச் சேர்ந்த 12 வோல்ட். சாதாரணக் காரில் இருப்பதைப் போன்ற ஸ்டார்ட்டர் பேட்டரி, ஹெட்லைட், வைப்பர், டாஷ்போர்டு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மட்டுமே இதைப் பற்றிக் கவலை.

இரண்டாவது, வீட்டுப் பகுதிக்கான 12 வோல்ட். இதற்குத் தனி பேட்டரி உண்டு. டிரைவர் கேபினுக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வண்டிகள் பலவற்றில் அது வாசற்படிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கூரை விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், கேஸ் கசிவு அலாரம், பக்கவாட்டில் நீளும் ஸ்லைடு அறை எல்லாம் இதில்தான் ஓடும். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்குக்கூட உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டுக்கு இந்த 12 வோல்ட் வேண்டும். ஆகவே பேட்டரி செத்தால், சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தாலும் ஃப்ரிட்ஜ் நின்றுபோகும்.

மூன்றாவது, 120 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரம். வெளியே கேபிளைச் செருகினாலோ ஜெனரேட்டர் ஓடினாலோதான் பெரும்பாலும் இது வரும். ஏர் கண்டிஷனர், மைக்ரோவேவ், சுவரில் உள்ள பிளக் பாயின்ட்கள், வெந்நீர்த் தொட்டியின் மின் காயில் எல்லாம் இதன் பொறுப்பு.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இரண்டு பெட்டிகள் நிற்கின்றன. கன்வெர்ட்டர் 120 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாக்கி விளக்குகளுக்குக் கொடுக்கும், பேட்டரியையும் சார்ஜ் செய்யும். இன்வெர்ட்டர் இதற்கு நேர்மாறு. பேட்டரியிலிருந்து எடுத்து 120 வோல்ட் ஆக்கும். ஊரில் நம் வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு வேலையையும் தானே செய்துவிடும் என்பதால், "இன்வெர்ட்டர் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். இங்கே கன்வெர்ட்டர் எல்லா வண்டியிலும் இருக்கும். இன்வெர்ட்டர் பல வாடகை வண்டிகளில் இருக்கவே இருக்காது. இருந்தாலும் டிவிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் போதுமான சின்னப் பெட்டியாக இருக்கும். கிளம்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முகாமில் கேபிளைச் செருகும் முறை

மின் இணைப்புள்ள இடங்களில் ஒரு கம்பத்தில் இரண்டு மூன்று வகை சாக்கெட் இருக்கும். மூன்று முள் கொண்ட 30 ஆம்ப், நான்கு முள் கொண்ட 50 ஆம்ப், வீட்டில் இருப்பதைப் போன்ற 20 ஆம்ப். உங்கள் வண்டியின் கேபிள் எதுவோ அதுதான் உங்களுக்கு.

1. கம்பத்தில் உங்கள் சாக்கெட்டுக்கான பிரேக்கரை முதலில் அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தில் செருகினால் பொறி பறக்கும், முள் கருகும்.

2. சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். பழுப்பேறியோ உருகியோ இருந்தால் வேறு இடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது அவர்களுடைய வேலை.

3. கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் பாதுகாப்புப் பெட்டியான சர்ஜ் புரொடெக்டர் இருந்தால் அதை முதலில் செருகி, பிரேக்கரைப் போட்டுப் பாருங்கள். வயர் மாறியிருந்தாலோ எர்த் இல்லாவிட்டாலோ அதன் விளக்குகள் காட்டிக்கொடுக்கும். விலை கூடிய ரகங்கள் வோல்ட்டேஜ் சுமார் 104-க்குக் கீழே இறங்கினாலும் 132-க்கு மேலே ஏறினாலும் தாமாகவே துண்டித்துவிடும். சொந்த வண்டி வாங்கியவர் வேறு எதில் கஞ்சத்தனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது.

4. பிரேக்கரை மறுபடி அணைத்து, வண்டியின் கேபிளைச் செருகி, கடைசியாகப் பிரேக்கரைப் போடுங்கள். உள்ளே உடனே எதுவும் வராவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். நல்ல சர்ஜ் புரொடெக்டர்கள் வேண்டுமென்றே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும்.

கழற்றும்போதும் முதலில் பிரேக்கர், அப்புறம்தான் பிளக்.

இன்னொன்று. ஈரத் தரையில் நின்றுகொண்டு கதவின் கைப்பிடியைத் தொட்டதும் கையில் சுருக்கென்று கூசினால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். வண்டியின் உலோக உடம்புக்கே மின்சாரம் வந்திருக்கிறது, எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பத்தில் பிரேக்கரை அணையுங்கள், குழந்தைகளை வண்டியைத் தொட விடாதீர்கள், முகாம் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். தொடாமலேயே மின்சாரத்தைக் காட்டும் டெஸ்டர் பேனா ஒன்று கையில் இருந்தால், ஒவ்வொரு புது இடத்திலும் கதவைத் தொடும் முன் அதை வண்டியின் உடம்பில் வைத்துப் பார்த்துவிடலாம்.

30 ஆம்ப் என்றால் எவ்வளவு?

30 ஆம்ப் பெருக்கல் 120 வோல்ட், மொத்தம் 3600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் வயர் இரண்டு வரும், ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப். ஆக மொத்தம் 12,000 வாட். பெயரில் 20 ஆம்ப்தான் வித்தியாசம், நிஜத்தில் மூன்று மடங்குக்கு மேல். 50 ஆம்ப் வண்டியை அடாப்டர் போட்டு 30 ஆம்ப் சாக்கெட்டில் செருகலாம். ஆனால் கிடைப்பது 3600 வாட்தான், இரண்டு ஏர் கண்டிஷனர் இருந்தால் அவற்றைச் சேர்த்து ஓட்ட முடியாது.

நம் சமையலை வைத்துக் கணக்குப் போடுவோம். கூரை ஏசி ஓடும்போது 12 முதல் 15 ஆம்ப் வரை இழுக்கும். 1000 வாட் மைக்ரோவேவ் என்பது சமைக்கும் சக்திதான். இழுப்பது 1500 வாட்டுக்குப் பக்கம், அதாவது 12, 13 ஆம்ப். இந்த இரண்டுக்கே 27 ஆம்ப் போய்விட்டது. இதற்கு நடுவில் யாராவது 1000 வாட் இன்ஸ்டன்ட் பாட் மின்குக்கரில் சாதம் வைத்தால் அது ஒரு 8 ஆம்ப். வெந்நீர்த் தொட்டியின் காயில் 12 ஆம்ப் இழுக்கும், அது ஓடுவது யாருக்கும் ஞாபகமே இருக்காது. பிரேக்கர் விழத்தான் செய்யும். அது பழுது அல்ல.

வழி என்ன? வெந்நீரைக் கேஸுக்கு மாற்றுங்கள், ஃப்ரிட்ஜையும் தேவைப்பட்டால் மாற்றலாம். குக்கரை கேஸ் அடுப்பிலேயே வையுங்கள். தலைமுடி காயவைக்கும் டிரையர் 1500 வாட். அந்த ஐந்து நிமிடம் ஏசியை நிறுத்திவிட்டால் சண்டை இல்லை.

பேட்டரியின் எண்களைப் படிப்பது

இருநூறு, முன்னூறு ரூபாய் என்று ஊரில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே இதற்குப் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். வெளி மின்சாரம், சோலார் எல்லாம் துண்டித்து, எதுவும் ஓடாமல் ஓரிரு மணி நேரம் விட்ட பிறகு பார்க்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.7 முழு சார்ஜ், 12.2 பாதி; 12.0-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். எனவே 80 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 40.

லித்தியம் பேட்டரிக்கு இந்தப் பட்டியல் செல்லாது. அது பெரும்பாலான நேரம் 13 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே நின்றுகொண்டிருந்துவிட்டு, கடைசியில் திடீரென்று விழுந்துவிடும். எவ்வளவு மிச்சம் என்று அறிய உள்ளே போன, வெளியே வந்த ஆம்ப்களை எண்ணும் மானிட்டர் வேண்டும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. நல்ல பேட்டரிகள் தாமே மறுத்துவிடும். பனிக்காலக் காலையில் சார்ஜ் ஏறவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சுவரில் உள்ள பலகையில் பட்டனை அழுத்தினால் நாலைந்து விளக்கு எரியுமே, அதை நம்பி ஏமாறாதீர்கள். கேபிள் செருகியிருக்கும்போது அது காட்டுவது சார்ஜரின் வோல்ட்டேஜைத்தான், பேட்டரியின் நிலையை அல்ல. சாகக் கிடக்கும் பேட்டரிகூட அப்போது ஃபுல் என்றுதான் காட்டும்.

இன்வெர்ட்டரில் ஓடும் பொருளுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு: வாட்டைப் பத்தால் வகுத்தால் பேட்டரியிலிருந்து போகும் ஆம்ப் தோராயமாக வந்துவிடும். 1500 வாட் டிரையருக்கு 150 ஆம்ப். மேலே சொன்ன 40 ஆம்பியர்-மணி கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும்.

ராத்திரி மூன்று மணி ஹீட்டர்

எனக்கு வரும் ஃபோன்களில் இதுதான் அதிகம். "அண்ணா, ஹீட்டர்ல காத்து வருது, ஆனா சூடே வரல. கேஸ் தீந்துபோச்சா?" கேட்டால் அடுப்பு எரிகிறது என்பார்கள். அப்படியானால் கேஸ் இருக்கிறது. வெளியே கேபிள் செருகியிருக்கிறதா என்றால் இல்லை. மின் இணைப்பே இல்லாத முகாம். யோசெமிட்டி பூங்காவின் முகாம்கள் எதிலும் இணைப்பு கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றில்தான் உண்டு.

நடப்பது இதுதான். ஹீட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கியதும் அதன் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளும். அந்தத் தகடு ஒரு ஸ்விட்ச். போதுமான காற்று வருகிறது என்று அது சொன்னால்தான் கேஸ் வால்வு திறந்து தீப்பொறி வரும். பேட்டரி இறங்கிப்போனால் ஃபேன் சுற்றும், ஆனால் சோம்பலாகச் சுற்றும். தகடு நகராது, தீ வராது. கொஞ்ச நேரம் குளிர்ந்த காற்றை ஊதிவிட்டு நின்றுவிடும். மறுபடி முயலும்போது மிச்சமிருக்கும் பேட்டரியையும் தின்றுவிடும்.

ஏன் ஒரே ராத்திரியில் இறங்கியது? ஃபேன் சுமார் 8 ஆம்ப். எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 32 ஆம்பியர்-மணி. சாயங்காலம் விளக்கு, பம்ப் என்று கொஞ்சம் போயிருக்கும். கணக்கு சரியாக இருக்கிறது.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது: தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் போட அனுமதி இல்லாத நேரம் என்றால் போர்வையைத் தேடுங்கள். விடிந்ததும் ஜெனரேட்டரையோ எஞ்சினையோ ஓட்டி பேட்டரியை ஏற்றுங்கள். அடுத்த ராத்திரி தெர்மோஸ்டாட்டை 60 ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கி வையுங்கள், படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

இதே இறங்கிய பேட்டரியால் கேஸ் அலாரமும் நடுராத்திரியில் கீச்சிடும். ஆனால் அதை "பேட்டரிதான்" என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். தொடர்ந்து அலறினாலோ வாடை வந்தாலோ எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, சிலிண்டரை மூடுங்கள். விட்டுவிட்டு ஒரு கீச், வாடையே இல்லை என்றால்தான் பேட்டரியைப் பார்க்கும் நேரம்.

பிளக் பாயின்ட்கள் செத்துக் கிடந்தால்

ஏசி ஓடுகிறது, மைக்ரோவேவ் ஓடுகிறது, ஆனால் சமையல் மேடைப் பக்கத்து பிளக்கில் மட்டும் ஒன்றும் இல்லையா? குளியலறைக்குப் போங்கள். அங்கே நடுவில் இரண்டு சின்ன பட்டன்களோடு ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஜி.எஃப்.சி.ஐ., மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் சாக்கெட். சமையலறை, வெளிச்சுவர் சாக்கெட்கள் பல வண்டிகளில் இதன் பின்னால்தான் தொடுக்கப்பட்டிருக்கும். ரீசெட் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. உடனே மறுபடி விழுந்தால் செருகிய எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முயலுங்கள். அப்படியும் விழுந்தால் வெளிச்சுவர் சாக்கெட்டில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா பாருங்கள்.

120 வோல்ட் எதுவுமே இல்லை என்றால் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: கம்பத்தின் பிரேக்கர், சர்ஜ் புரொடெக்டரின் விளக்கு, கேபிள் வண்டியில் சேரும் இடம், உள்ளே மெயின் பிரேக்கர். விழுந்த பிரேக்கர் நடுவாந்திரமாக நிற்கும், பார்வைக்குப் போட்டிருப்பது போலவே தோன்றும். அதை முழுக்க ஆஃப் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம் ஆன் செய்ய வேண்டும்.

ஜெனரேட்டர் ஓடியும் உள்ளே மின்சாரம் இல்லையா? அரை நிமிடம் பொறுங்கள். கேபிளிலிருந்து ஜெனரேட்டருக்கு இணைப்பை மாற்றும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் மாற நேரம் எடுக்கும். அப்புறமும் இல்லை என்றால் ஜெனரேட்டரின் உடம்பிலேயே ஒரு பிரேக்கர் இருக்கும், அதைப் பாருங்கள். ஜெனரேட்டர் பெட்ரோல் குடிப்பது வண்டியின் டாங்கிலிருந்துதான். டாங்க் கால் பாகத்துக்கு வந்ததும் அதற்கு எரிபொருள் கிடைக்காதபடி குழாயை உயரத்தில் வைத்திருப்பார்கள், நீங்கள் காட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் வீட்டு பேட்டரி இறங்கியிருக்கிறது. வண்டி எஞ்சினை ஓடவிட்டு, டாஷ்போர்டில் உள்ள அவசர ஸ்டார்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு முயலலாம். உயரமும் சக்தியைத் தின்னும். யெல்லோஸ்டோன் ஏரி 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 4000 வாட் ஜெனரேட்டர் கால் பங்கு சக்தியை இழந்துவிடும்.

12 வோல்ட் மொத்தமாகப் போனால்

முதலில் வாசல் பக்கம் இருக்கும் பேட்டரி ஸ்விட்ச். யூஸ், ஸ்டோர் என்று இரண்டு பக்கம் இருக்கும். உள்ளே ஏறும்போது குழந்தைகள் விளக்கு ஸ்விட்ச் என்று நினைத்து அமுக்கிவிடுவார்கள்.

அது சரியாக இருந்தால் பேட்டரியில் மீட்டரை வையுங்கள். வோல்ட்டேஜ் இருக்கிறது, உள்ளே வரவில்லை என்றால் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஃபியூஸ் அல்லது பிரேக்கர், முனைகளில் பூத்த வெள்ளைப் பொடி, வண்டியின் சட்டத்தில் முடுக்கியிருக்கும் மைனஸ் வயர் என்று வரிசையாகப் பாருங்கள். துருப்பிடித்த மைனஸ் இணைப்பு செய்யும் மாயம் கொஞ்சநஞ்சமல்ல: பம்ப் ஓடினால் விளக்கு மங்கும், ஃபேன் போட்டால் டிவி அணையும்.

ஒரே ஒரு பொருள் மட்டும் நின்றால் ஃபியூஸ் பெட்டி. நிறமே ஆம்ப்பைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்ததற்குப் பதிலாக அதே நிறம்தான். மஞ்சள் எரிந்துகொண்டே இருக்கிறதே என்று பச்சையைச் செருகினால், அடுத்து எரிவது சுவருக்குள் ஓடும் வயர்.

கேபிள் செருகியிருந்தும் பேட்டரி ஏறவில்லையா? மீட்டர் 13.2 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12.4 என்று நின்று மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அதற்கான 120 வோல்ட் பிரேக்கரைப் பாருங்கள். அப்புறம் ஃபியூஸ் பெட்டியில் ஓரமாகத் தனியே நிற்கும் ஒன்றிரண்டு பெரிய ஃபியூஸ்கள். பேட்டரியை யாராவது பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டியிருந்தால் முதலில் எரிவது அவைதான். கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள்.

கை வைக்கக் கூடாத இடம்

12 வோல்ட் பக்கம் கவனமாக இருந்தால் புதியவரும் பார்த்துக்கொள்ளலாம். மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்றிவிட்டு, மைனஸை முதலில் கழற்றுங்கள். 120 வோல்ட் பலகையின் மூடியைத் திறப்பது, டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் பெட்டியைத் திறப்பது, கருகல் வாடை வரும் எதையும் தொடுவது ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வாடகை வண்டி என்றால் அவர்களுடைய உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எண்களைக் குறித்து வைத்துச் சொன்னால் பதில் சீக்கிரம் வரும்.

சொந்தமாக வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தப் போகிறவர்களுக்கு ஒன்று. 30 ஆம்ப் சாக்கெட் வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், மூன்று முள் பெரிய பிளக்கைப் பார்த்துத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. செருகிய நொடியில் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், டிவி எல்லாம் போய்விடும். டிடி-30 சாக்கெட், 120 வோல்ட், ஒற்றை பிரேக்கர் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். அவர் முடித்துவிட்டுப் போகும் முன், அவர் எதிரிலேயே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பிளேடு முள் இரண்டும் போகும் துளைகளில் பாருங்கள். 120-ஐ ஒட்டி வந்தால் கேபிளை எடுக்கலாம்.